மீன் தொட்டிக்கு வருகிற தண்ணீர்

எல்லா மீனும் ஒரே மூலையில் நிற்கின்றன. குழாய் விழுகிற பக்கம் ஒன்றுகூட இல்லை. எதிர் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி, திறந்து மூடி, திறந்து மூடி, அத்தனையும் ஒரே நேரத்தில். சப், சப் என்று ஒரு சத்தம். இத்தனை வருஷத்தில் இந்தத் தொட்டியிலிருந்து நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை. மீன் சத்தம் போடுமா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். "காலையில நான் வந்தப்பவே இப்படித்தான் நின்னுதுவோ சாரு. தீனி போட்டேன், ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல" என்கிறாள் தையல்நாயகி. மீனுக்குத் தீனி போடுவதும் குட்டைக் கரையைப் பெருக்குவதும் அவள் வேலை. போட்ட தீனி போட்டபடி மிதக்கிறது. மணி ஒன்பது நாற்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஜீப் டவுனிலிருந்து கிளம்பிவிட்டது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், இந்தத் தடவை புதுசாக ஒரு மேடம் என்று மேலாளர் போனில் சொல்லி ஐந்து நிமிஷம் ஆகிறது. வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது இந்தத் தொட்டியைத்தான். எட்டிப் பார்த்தால் மீன் ஓடி விளையாட வேண்டும், அவர்கள் தலையாட்ட வேண்டும், பிறகு டீ. இதுதான் வழக்கம். இன்றைக்கு மீன்கள் ஓடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவை குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரணமாக மீன் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்கும்.

ஜிலேபி மீன் லேசில் சாகிற ஜாதி இல்லை. சாக்கடையில் போட்டாலும் குட்டி போட்டுப் பெருகும் என்றுதான் அதை வாங்கினேன். முதலில் வாங்கியது கெண்டை. அது நாலு வருஷத்துக்கு முந்தி. இந்த மொட்டைப்பாறைச் செம்புச் சுரங்கத்தில் தோண்டத் தோண்டக் கீழே ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து இந்தக் குட்டையில் நிறுத்துகிறோம். அது புளிப்புத் தண்ணீர், செம்பு கரைந்த தண்ணீர். அதில் சுண்ணாம்பைக் கொட்டிப் புளிப்பை முறித்து, அப்புறம் வாய்க்கால் வழியாக ஓடையில் விட வேண்டும். விடுவதற்கு முன்னால் அதில் கொஞ்சத்தைத் தொட்டி வழியாக ஓட விட்டு மீன் வளர்க்க வேண்டும். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், படிப்பு வேண்டாம், மீட்டர் வேண்டாம். கெமிஸ்ட் என்று என்னை வேலைக்கு வைத்துவிட்டு என்னைவிட மீனை நம்புகிற இடம் இது. அந்தக் கெண்டைகள் இரண்டாம் நாளே வயிற்றைக் காட்டி மிதந்தன. மறுநாள் சென்னையிலிருந்து டைரக்டர்கள் வருவதாக இருந்தது. மேலாளர் என்னைத் திட்டவில்லை, தோளில் கை போட்டு, "ஏதாவது பண்ணுங்க கொளஞ்சி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பண்ணியிருக்க மாட்டேன். தோளில் கை போட்டால் நான் எதையும் பண்ணுவேன், என் பலவீனம் அது. பம்ப் ஷெட்டுக்குப் போகிற ஆழ்குழாய்த் தண்ணீர் பைப்பில் கிளை பிரிக்கிற இணைப்பு ஒன்று போட்டு, ஒரு இஞ்ச் குழாய் ஒன்றை மண்ணுக்கடியில் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். குட்டைத் தண்ணீர் வருகிற வால்வை மூடினேன். ஒரே ஒரு நாளைக்கு. டைரக்டர்கள் வந்தார்கள், மீனைப் பார்த்தார்கள், ஒருவர் பொரி வாங்கிப் போட்டார். அந்த ஒரு நாள் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மாற்றிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. அடுத்த வாரம், பொங்கல் கழித்து, ஆடிட் முடிந்து. ஒவ்வொரு தடவையும் வால்வில் கை வைப்பேன், மீனைப் பார்ப்பேன், பாவமாக இருக்கும். உண்மையிலேயே பாவமாகத்தான் இருக்கும், அதில் பொய் இல்லை. இந்த மீன்களைக் கொன்றுதானா நான் நேர்மையானவன் ஆக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எப்படிப்பட்ட கருணை பாருங்கள். இந்தக் குழாய் விஷயம் எனக்குத் தெரியும், அப்போது இருந்த பிளம்பருக்குத் தெரியும், அவர் வளைகுடா போய்விட்டார். தையல்நாயகிக்குத் தெரியும், பள்ளம் வெட்டியதே அவள்தான். அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. குட்டைத் தண்ணீர் வேறு, தொட்டித் தண்ணீர் வேறு, அவ்வளவுதானே, குட்டையில்தான் நான் சுண்ணாம்பு போட்டுச் சரி பண்ணுகிறேனே. பெரும்பாலும் சரி பண்ணுகிறேன். சோதனை நாளில் நிச்சயம் சரி பண்ணுகிறேன். இன்றைக்கு விடிந்ததிலிருந்து தையல்நாயகி சுமந்துவர, பன்னிரண்டு மூட்டை கொட்டியாகிவிட்டது. வாய்க்கால் முகப்பில் புளிப்பு அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தேன், ஏழு புள்ளி ஒன்று. ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு, ஏழு என்றால் புளிப்பும் இல்லை காரமும் இல்லை, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். அந்தத் தெம்பில்தான் விசிலடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தேன். வந்த இடத்தில் இந்தச் சத்தம். கையில் மீட்டர் இருந்தது. பழக்க தோஷத்தில் அதைத் தொட்டியில் முக்கினேன். நாலு புள்ளி மூன்று.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெட்டுத்தான் இருக்க வேண்டும், கெட்டே தீர வேண்டும். கழுவித் துடைத்து மறுபடி வாய்க்காலில் வைத்தேன், ஏழு புள்ளி ஒன்று. மறுபடி தொட்டியில், நாலு புள்ளி மூன்று. வாய்க்கால், தொட்டி, வாய்க்கால், தொட்டி என்று நாலு தடவை ஓடினேன். கரையில் துடைப்பத்தோடு நின்ற தையல்நாயகி, "இன்னா சாரு, நேத்திக்கடனா?" என்று கேட்டாள். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பம்ப் ஷெட் குழாய்க்குப் போனேன். அதைத் திறந்து டம்ளரில் பிடித்து மீட்டரை முக்கினேன். எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றதில் டம்ளர் நிரம்பி வழிந்தது. நாலு புள்ளி நாலு. பளிங்கு மாதிரி இருந்தது தண்ணீர், ஒரு தூசி இல்லை. முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. நாக்கு நுனியில் தொட்டேன், பழைய சில்லறையைச் சின்ன வயதில் வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த ருசி. ஆழ்குழாய்த் தண்ணீர். இருநூற்றெண்பது அடி ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர். இந்தத் தொட்டிக்கும், ஷெட்டுக்கும், கேன்டீனுக்கும், மேலே இருக்கிற டேங்க் வழியாகக் காலனிக்கும் போகிற தண்ணீர். காலனியில் நூற்று நாற்பது வீடு. ஒரு பள்ளிக்கூடம். என் வீடு பதினேழாம் நம்பர்.

நீலக் கறை. என்னங்க, குழாய்க்குக் கீழ பாருங்க, நீலமா ஒரு கறை, தேய்க்கத் தேய்க்கப் போக மாட்டேங்குது. வல்லி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மனைவி அமுதவல்லி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் விட மாட்டாள், அதனாலேயே நான் காதில் வாங்குவதில்லை. புது சோப்பாக இருக்கும் என்றேன். நீலமே இல்லாத சோப்புங்க அது என்றாள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய் என்றேன். எம்.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. செம்பும் சோப்பும் சேர்ந்தால் நீலம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் நான் சொல்லிக்கொடுப்பேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய் என்றேன். மகள் மகிழ்மதி பத்து நாளாகக் காலையில் பல் தேய்த்துத் தண்ணீர் குடித்ததும் வாந்தி எடுக்கிறாள். ஆறாவது படிக்கிறாள், கணக்குப் பரீட்சை என்றால் அவளுக்கு வயிறு வலிக்கும், இது எங்கள் வீட்டில் பழைய கதை. நான்தான் கிண்டல் பண்ணினேன், வகுத்தல் வந்தா வாந்தி வருமா என்று. அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போது வருகிறது, போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று, குடி, இன்னும் ஒரு டம்ளர் குடி என்று குடிக்க வைத்தேன்.

குடிதண்ணீரைச் சோதிப்பதும் என் வேலைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி மூன்று, சும்மா ஒரு மாறுதலுக்கு. கடைசியாக எப்போது உண்மையில் அளந்தேன்? யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. ஆழ்குழாய்க்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்தேன். அதுவும் இல்லை. சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், மீன் இருக்கிறதே என்று இருந்தேன். அந்தத் தண்ணீரில்தானே மீன் பிழைக்கிறது, அப்புறம் எதற்கு மீட்டர் என்று இருந்தேன். ஊரை ஏமாற்ற வைத்த மீனை நானே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவை மட்டும் என்ன செய்யும். நாலு வருஷமாக எந்தத் தண்ணீரில் விட்டேனோ அந்தத் தண்ணீரைப் பற்றிய உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தன, இப்போதும் சொல்கின்றன. சப், சப். பம்ப் ஷெட்டிலிருந்து தொட்டி முப்பதடி இருக்கும், இங்கேயும் அது கேட்கிறது. கேட்க முடியாது என்று தெரிகிறது, கேட்கிறது.

குட்டையைப் பார்க்கிறேன். நீலப் பச்சை, அடி வரை தெரிகிறது. போன வருஷக் கம்பெனிக் காலண்டரில் சித்திரை மாதத்துக்கு இந்தக் குட்டையின் படம்தான். பார்த்தவர்கள் எந்த ஊர் ஏரி என்று கேட்டார்கள். ஒரு பாசி இல்லை, தவளை இல்லை, தட்டான் இல்லை, கரையில் கொக்கு வந்து நின்று நான் பார்த்ததில்லை. காற்று அடித்தால் மட்டும் லேசாகச் சுருங்கும், அப்புறம் பழையபடி விரித்துக்கொண்டு கிடக்கும். நடுவில் வேப்பஞ்சருகு ஒன்று கிடக்கிறது, அது வெகு நாளாக அங்கேயே கிடக்கிறது, மட்கவே இல்லை. என் முகம் தெரிகிறது, முகத்துக்குள்ளே அடியில் கிடக்கிற கல் தெரிகிறது. இதன் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்கிறது, ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் இருக்க. ஷீட்டோடு ஷீட்டைச் சூடு வைத்து ஒட்டினார்கள், நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஒட்டாக நடந்து பார்த்தேன். வடக்கு மூலையில் ஒரு இடம் காலுக்கு லேசாகத் தூக்கலாகத் தெரிந்தது. தெரிந்ததா? தெரிந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஒட்டுகிற ஆட்கள் லாரியில் ஏறிவிட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். அது ஐந்து வருஷத்துக்கு முந்தி, ஆடி மாதம். குட்டையிலிருந்து ஆழ்குழாய் நானூறு மீட்டர். கசிந்த தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சாண் நகரும் என்று வைத்துக்கொண்டால், வைத்துக்கொள்ளாதே, கணக்குப் போடாதே என்கிறேன், மனசு போட்டுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு வாரம் குறைவு. இது ஆடி. நான் வேலைக்கு வந்து போன ஒவ்வொரு நாளும், தூங்கின ஒவ்வொரு நாளும், மகிழ்மதி பிறந்தநாளுக்குக் கேக் வெட்டின நாளிலும், என் காலடியில் ஒரு சாண் நகர்ந்து வந்திருக்கிறது. அவசரமே படவில்லை. இப்போது நான் நிற்கிற இடத்துக்குக் கீழேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காலைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கிறேன். அங்கேயும்தான்.

சொல்லிவிட்டால் என்ன. ஜீப் வரட்டும், சொல்லிவிட்டால் என்ன. மேடம், ஆழ்குழாய் கெட்டுவிட்டது, காலனிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? மீன் சொன்னது மேடம். மீன் குட்டைத் தண்ணீரில்தானே இருக்கிறது சார்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தக் கேள்விக்கே வந்து சேர்கிறேன். குழாயைச் சொல்லாமல் தண்ணீரைச் சொல்ல வழி இருக்கிறதா? தற்செயலாக அளந்தேன் என்று சொல்லலாம். போன மாதம் ஏழு புள்ளி இரண்டு என்று எழுதினவன் இன்றைக்கு நாலு என்றால், போன மாதம் அளந்தீர்களா என்பார்கள். அப்புறம் பதிவேடு வரும், அப்புறம் ஷீட், அப்புறம் அந்த ஆடி மாதத்துக் கையெழுத்து. வேலை போகும், அது மட்டும் போனால் பரவாயில்லை, போலீஸ் வரும். இல்லையென்றால், யாருக்கும் சொல்லாமல் நானே சத்தமில்லாமல் சரி செய்யலாம். டேங்கில் சுண்ணாம்பு போடலாம். புளிப்பு போகும், செம்பு? கொஞ்சம் போகும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு? போனை எடுத்தேன்.

"வல்லி, குழாய்த் தண்ணியக் குடிக்காத. மகிக்கும் குடுக்காத. கடையில கேன் வாங்கிக்க. சமையலுக்கும் அதான்." அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது. "ஏங்க? என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை, டேங்க் கழுவுகிறார்கள் என்றேன். "டேங்க் கழுவுனா முன்னாடியே சொல்லுவாங்களே. எவ்ளோ நாளைக்கு?" தெரியாது என்றேன்.   "அந்த நீலக் கறையா?" என்றாள்.  "பக்கத்து வீட்டுக் குணவதி இப்பதாங்க ரெண்டு குடம் புடிச்சிட்டுப் போனா. ஏழு மாசம் அவளுக்கு. சொல்லட்டுமா?" இந்தக் கேள்வி கேட்கப்படும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என் வீட்டுக்கு ஒரு சுவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. "கொஞ்சம் பொறு. நான் வந்து சொல்றேன்" என்றேன். "அவ தாகத்துக்குப் பொறுக்கணுமா?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திருந்தாள். அப்போதுதான் பார்த்தேன், தையல்நாயகி பம்ப் ஷெட் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்து, தலையை அண்ணாந்து, பாட்டில் உதட்டில் படாமல், மடமடவென்று குடித்தாள். விடிந்ததிலிருந்து வெயிலில் சுண்ணாம்பு சுமந்தவள். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். ஏழு தடவையோ எட்டுத் தடவையோ. கூப்பிடுகிற தூரம்தான். வாயைத் திறந்தேன், உண்மையாகவே திறந்தேன், காதில் போன் இருந்தது, வாயில் ஒன்றும் வரவில்லை. அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னா வெயிலு சாரு" என்றாள். ஆமாம்மா, நல்ல வெயில் என்றேன். இந்த ஜென்மத்தில் என்னை நான் மன்னிக்கப் போவதில்லை என்று தோன்றியது. தோன்றியதே தவிர அடுத்த நிமிஷம் போனை அணைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன், ஜீப் கேட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

வந்தது புது அதிகாரி, நிலோஃபர் என்று பெயர், முப்பது வயதிருக்கும், கையில் சொந்த மீட்டர். இதற்கு முந்தி வந்தவர்கள் போலக் குடை பிடிக்க ஆள் தேடவில்லை. நேரே வாய்க்கால் முகப்புக்குப் போய்க் குனிந்து தானே முக்கினாள். ஏழு புள்ளி பூஜ்யம். பாட்டில்களில் பிடித்து, மூடி, சீல் வைத்து, சீட்டு ஒட்டினாள்.  தொட்டிக்கு வந்தாள். எட்டிப் பார்த்தாள். இப்போது இரண்டு மீன் சாய்ந்துவிட்டன, செவுள் மட்டும் அசைகிறது. மற்றவை இன்னும் மூலையில் நின்று அண்ணாந்து குடிப்பது போல வாயைத் திறந்து மூடுகின்றன. "என்ன சார் இது? தண்ணி நல்லாத்தானே இருக்கு. மீன் ஏன் இப்படி நிக்குது?" என்றாள். இந்தத் தொட்டியிலும் அந்த மீட்டரை முக்கு, தாயே, முக்கிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதே மனசு வேறொரு பக்கம் முக்காதே முக்காதே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் முக்கவில்லை. ஒரே தண்ணீரை யார் இரண்டு தடவை அளப்பார்கள்? "காத்துப் பத்தலபோல. மேல வந்து மூச்சு வாங்குது பாருங்க. ஒரு ஏரேட்டர் வாங்கிப் போடுங்க" என்றாள். கதவைத் திறந்து வெளியே விட்டதுபோல இருந்தது எனக்கு. ஆமாம் மேடம், நானும் அதான் நினைச்சேன் என்றேன். குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

அவள் அட்டையில் வைத்து எழுதிக்கொண்டே மிதக்கிற தீனியைப் பார்த்தாள். "இவ்ளோ தீனி கிடக்குதே. அழுகிப்போனாலும் காத்துக் குறையும். யாரு போடறது?" தையல்நாயகி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அளவில்லாமப் போட்டுட்டீங்களாம்மா?" அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் குழாய் இருந்தது, அவள் வெட்டிய பள்ளம் இருந்தது, சாரு நல்லவரு என்பதும் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "ஆமாங்க மேடம். நான்தான் கைதவறி அதிகமாப் போட்டுட்டேன். சாரு மேல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். பொய். எத்தனை பிடி என்று அளந்து போடுகிறவள். மீன் தின்னாததால் கிடக்கிற தீனி அது. நிலோஃபர் தலையை அசைத்துக்கொண்டு எழுதினாள், தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதுகிறாள் என்பது பேனா போகிற போக்கிலேயே தெரிந்தது. ஒப்பந்தக்காரர் நாளைக்கே இவளை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் இவள் காலனியின் பின்னால் இருக்கிற அந்த ஓட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள், தாகம் எடுத்தால் குழாயைத் திறப்பாள். "இங்க கையெழுத்துப் போடுங்க சார்" என்று அட்டை என் பக்கம் நீண்டது. பேனாவை வாங்கினேன். எவ்வளவு சுலபம். நாலு வருஷமாக என் கைக்குப் பழகின வேலை, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். பேனா தாளைத் தொட்டது, ஒரு புள்ளி விழுந்தது, அந்தப் புள்ளி ஊறிப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தீனி இல்ல மேடம்" என்றேன். என்ன சார்? "காத்தும் இல்ல. தொட்டிக்கு வர்றது குட்டைத் தண்ணி இல்ல மேடம். நான்தான் மாத்தி விட்டிருக்கேன், நாலு வருஷமா. வர்றது போர்த் தண்ணி. நாங்க குடிக்கிற தண்ணி." அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள், பிறகு மீனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மீட்டரை உறையிலிருந்து எடுத்துத் தொட்டியில் முக்கினாள். எண்கள் இறங்குவதை மூன்று பேரும் பார்த்தோம். ஏழு, ஆறு, ஐந்து. நாலில் வந்து நின்றது. "எத்தனை வீட்டுக்குப் போகுது?" என்றாள், அவள் குரல் மாறிவிட்டிருந்தது. நூற்று நாற்பது, ஸ்கூல், கேன்டீன் என்றேன். அவள் ஜீப்பைப் பார்த்து ஓட்டுநரைக் கத்திக் கூப்பிட்டாள், ஒரு கையால் போனில் யாரையோ தேடினாள், மோட்டாரை நிறுத்துங்க, முதல்ல மோட்டாரை நிறுத்துங்க என்று என்னிடமும் கத்தினாள். நான் பம்ப் ஷெட்டுக்கு ஓடி சுவிட்சை இறக்கினேன். இத்தனை நாளாக இரைந்துகொண்டே இருந்த மோட்டார் நின்றதும் இடம் முழுக்க வெறிச்சென்று ஆனது. திரும்பினால் வாசலில் தையல்நாயகி நிற்கிறாள். என் பின்னாலேயே வந்திருக்கிறாள். முகத்தில் கோபம் இல்லை, கோபமாவது இருந்திருக்கலாம். ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து சாரு?" என்றாள்.

எழுதி வைத்த எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், நாலு வருஷத்து எண்கள், ஒன்று விடாமல் சொல்லுவேன். அவள் கேட்டதற்கு அதில் ஒன்றிலும் பதில் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.